டிக்கி மாமாவின் உத்தியோகம்

அந்தக் காருக்கு இருந்த வியாதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாதிக் கதையில் வந்து "என்னய்யா இது?" என்று என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. இடதுபக்கம் திரும்ப இன்டிகேட்டர் போட்டால் அந்தக் காரின் டிக்கி திறந்துகொள்ளும். வலதுபக்கம் போட்டால் ஒன்றும் ஆகாது, தங்கமான பிள்ளையாக இருக்கும். இடதுபக்கம் போட்டால் மட்டும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூடி கொட்டாவி விடுவதுபோல மெதுவாக மேலே போகும். உள்ளே இருக்கிற சாமான்கள் ஒவ்வொன்றாக ரோட்டைப் பார்த்துக் கிளம்பிவிடும். ஒருநாள் முழுசாக ஒரு தர்பூசணி இறங்கி உருண்டோடி, நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரரின் காலடியில் போய் நின்றது. அவர் என்ன நினைத்தாரோ, கையைத் தூக்கி நாலாபக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்.

"அப்படியானால் இன்டிகேட்டர் போடாமல் திரும்ப வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். காரின் சொந்தக்காரரான அத்தானிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். முதுகுத் தோலை உரித்துவிடுவார். அத்தான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஈ காக்கை இல்லாத மைதானத்தில்கூட இன்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார். தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் அவர் கை முதலில் இன்டிகேட்டரைத் தேடும் என்று அவர் மனைவியான அக்கா சொல்லிச் சிரிப்பாள். "சிக்னல் போடாம திரும்புறவன் எதிர்ல வர்றவனை மனுஷனாவே மதிக்காதவன்" என்பது அவருடைய வேதம்.

ஆக, வண்டி கிளம்ப வேண்டுமென்றால் டிக்கியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அக்காவின் தம்பி. தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் டிக்கி மாமா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோயிற்று.

டிக்கி மாமா அதற்கு முன்னால் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவர். சாதாரண ஆபரேட்டர் இல்லை. உள்ளே வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முகத்தைப் பார்த்து, "கல்யாணப் பட்டா? மூணாவது மாடி", "பிள்ளைக்கு யூனிஃபார்மா? மேல போங்க" என்று பட்டனை அமுக்கிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனைக் கடைக்காரர்கள் ஒருநாள் கூப்பிட்டு, புது லிஃப்ட் வாங்கியிருக்கிறோம், அதுவே பேசும், அதுவே திறக்கும், அதுவே மூடும் என்றார்கள். உள்ளே ஒரு பெண் குரல் "கதவுகள் மூடுகின்றன" என்று சொன்னது. டிக்கி மாமாவுக்கு அந்தக் குரல்மேல் இன்றைக்கும் ஆத்திரம். முகமே இல்லாத ஒருத்தி வந்து தன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று புலம்புவார்.

அதற்கப்புறம் அக்கா வீட்டுப் பின்கட்டு அறையில் போய் விழுந்தவர்தான். பனியனும் லுங்கியுமாக ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சினிமாவா, கல்யாணமா, கடைத்தெருவா, எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க." அக்கா திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சோறு போடமாட்டேன் என்று மிரட்டிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. சோறு போடாமலும் இருக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் காருக்கு வியாதி வந்தது. அத்தான் அறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, டிக்கியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். அக்காவுக்குக் கை எட்டலை. லிஃப்ட் கதவைப் பிடிச்சுப் பழகின கை உன்னுது. வேற யாரை நான் கேக்கிறது?"

டிக்கி மாமா எழுந்து உட்கார்ந்தார். சட்டையை எடுத்து மாட்டினார். தலையைக்கூட வாரிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் இல்லாமல் அந்த வண்டி தெருமுனை தாண்டியதில்லை. பின்சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையைச் சீட்டுக்குப் பின்னால் விட்டு, மூடியின் உள்பக்கம் கட்டியிருந்த வாரைப் பிடித்துக்கொள்வார். அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து "லெஃப்டு!" என்று குரல் கொடுப்பார். "பிடிச்சாச்சு!" என்று இவர் பதில் கொடுப்பார். அதற்கப்புறம்தான் இன்டிகேட்டர். கப்பல் ஓட்டுகிறவர்கள்கூட இவ்வளவு மும்முரமாக இருப்பார்களா தெரியாது. உறவுக்காரர் யாராவது "இப்ப என்ன பண்றீங்க?" என்று கிண்டலாகக் கேட்டால், "வண்டியில இருக்கேன்" என்று கம்பீரமாகச் சொல்வார்.

இப்படிச் சொர்க்கமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு ஃபோன் வந்தது.

அத்தான் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். டிக்கி மாமாதான் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண்.

"சார், கார் கம்பெனி சர்வீஸ் சென்டர்லேருந்து பேசறேன். உங்க மாடல் வண்டிகள்ல டிக்கிக்குப் போற வயர்ல ஒரு குறை இருக்கிறது தெரியவந்திருக்கு. அந்த வண்டியை எல்லாம் கூப்பிட்டு சரிபண்ணிக் குடுக்கிறோம். ஒரு பைசா வேண்டாம் சார். இலவசம். எப்ப கொண்டு வர்றீங்க?"

டிக்கி மாமா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் முறைத்துப் பார்த்தார். மறுபடியும் ஒரு பெண் குரல்! மறுபடியும் ஒரு கதவு!

"எங்க வண்டியில டிக்கி இல்லம்மா" என்றார்.

"சார்?"

"இல்லை. டிக்கியே இல்லை. சாமானெல்லாம் மடியிலதான் வச்சுக்கிறோம்."

"டிக்கி இல்லாத மாடல் எதுவும் நாங்க செய்யறதில்லையே சார்..."

"எங்களுக்குன்னு தனியா செஞ்சாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பெண் லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். வண்டியை விற்றாயிற்று என்றார். வாங்கினவர் நம்பரைக் கொடுங்கள் என்று மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை டிக்கி மாமா குரலைத் தாழ்த்தி, துக்கம் தொண்டையை அடைக்கிற மாதிரி, "அம்மா, இனிமே கூப்பிடாதீங்க. வண்டிக்காரர் எல்லாத்தையும் துறந்துட்டுக் கால்நடையாவே கிளம்பிப் போயிட்டார்" என்றார். அந்த நேரம் வண்டிக்காரர் பாத்ரூமில் சோப்பைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார். மாமா ஃபோன் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் ஃபோன் வரவில்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் அக்கா வந்துவிட்டாள். அக்கா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறவள். அங்கே கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒருவருக்கும் இதே மாடல் கார். வாயில் பஞ்சோடு உட்கார்ந்து, தன் காரின் டிக்கியைக் கம்பெனியில் ஓசியில் சரிபண்ணிக் கொடுத்த கதையைச் சைகையிலேயே சொல்லியிருக்கிறார். அக்கா உடனே ஃபோனில் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஆர்.சி. புத்தகத்திலிருந்த சேஸிஸ் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டாள். 'உங்கள் வண்டிக்கும் உண்டு' என்று வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் அவள் அதைச் சொன்னதும் டிக்கி மாமா ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"காதுல பூ சுத்தறாங்கக்கா! ஓசியில ஒருத்தன் ஒரு டீ வாங்கித் தரமாட்டான், வண்டியைச் சரிபண்ணித் தருவானாமா? உள்ள விட்டா எஞ்சினைக் கழட்டிக்கிட்டு தகர டப்பாவை மாட்டி அனுப்புவான். அப்புறம் அத்தான் டுர்ர்ர்னு வாயாலதான் ஓட்டணும்."

"லூசாடா நீ? தப்பு அவங்க செஞ்சது. அவங்க தப்பை அவங்க காசுல அவங்க சரிபண்றாங்க. இதுல ஓசி எங்க வந்துச்சு? நமக்கு வரவேண்டியதை நாம வாங்கிக்கிறோம், அவ்வளவுதான்."

டிக்கி மாமா நம்பிக்கை இல்லாமல்தான் அத்தானைப் பார்த்தார். டயரில் ஒரு கல் சிக்கினாலே மெக்கானிக்கைத் தேடி ஓடுகிற மனுஷன். இன்றைக்கு விட்டுவைப்பாரா? ஆனால் அத்தான் தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல், "இப்ப என்ன அவசரம்? வண்டி ஓடிட்டுத்தானே இருக்கு. பாத்துக்கலாம்" என்றார்.

டிக்கி மாமாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அத்தானா இது? எந்தச் சாமி கண்ணைத் திறந்ததோ என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார். அக்கா விடவில்லை. ஃபோனை அத்தான் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கடைசி வரியைப் படிங்க. அந்த வயர் உரசி உரசிச் சூடாகி, புகையே வரலாம்னு போட்டிருக்கான். பின்னால யாரு உக்கார்றது? இவன்தானே?"

அத்தான் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"புகையா? இதை எனக்கு யாருமே சொல்லலையே! காலையில முதல் வேலை இதுதான்."

யாரும் சொல்லாமலா இருந்தார்கள்? சொல்ல விட்டால்தானே. டிக்கி மாமா ரசத்தைக் குடிக்கிற சாக்கில் முகத்தைக் கிண்ணத்துக்குள் மறைத்துக்கொண்டார்.

காலையில் பார்த்தால் கார் சாவியைக் காணோம். மேஜையில் இல்லை, ஆணியில் இல்லை, அத்தான் பையில் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தேடியவர் டிக்கி மாமாதான். "சாவி இல்லாம எப்படிப் போறது? சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்தார். குனிந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து சாவி 'சலங்' என்று தரையில் விழுந்தது.

"அட, இங்கதான் இருந்திருக்கு!" என்று அசடு வழிந்தார். அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

வண்டி கிளம்பியது. கடைசிச் சவாரி என்று டிக்கி மாமாவுக்குத் தெரியும். வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போயும் போயும் அன்றைக்கு வழியெல்லாம் வலதுபக்கத் திருப்பமாகவே வந்து தொலைத்தது. சர்வீஸ் சென்டர் வாசலில்தான் ஒரே ஒரு இடது.

"லெஃப்டு" என்றார் அத்தான். வழக்கமான அதட்டல் இல்லை.

"பிடிச்சாச்சு" என்றார் டிக்கி மாமா. வண்டி நின்ற பிறகும் வாரை விடவில்லை.

சர்வீஸ் சென்டர் கண்ணாடியும் ஏசியுமாக ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. சோபா, காபி மிஷின், சுவர் முழுக்கச் சிரிக்கிற குடும்பங்களின் படம். கவுன்டரில் ஒரு பெண் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி நம்பரைத் தட்டிப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"இந்த வண்டியா? இதை வித்துட்டதா சொன்னாங்களே?"

"யாரு வித்தது?" என்றார் அத்தான்.

டிக்கி மாமா பதறிப்போய், "கம்ப்யூட்டர் தப்பா காட்டும்மா, நல்லாப் பாருங்க" என்று வாயைக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"சார்! நீங்கதானே அந்த டிக்கியே இல்லாத சார்? மடியில சாமான் வச்சுக்கிறவர்? இந்தக் குரலை மறப்பேனா நான்? இங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோமே!" என்றவள், சட்டென்று அத்தான் பக்கம் திரும்பினாள். மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ என்று தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். குரலில் மரியாதை கூடிவிட்டது.

"அப்ப, சார்... நீங்க எல்லாத்தையும் துறந்துட்டுப் போனவரா? எப்ப திரும்பி வந்தீங்க?"

"எங்கேருந்தும்மா?" என்றார் அத்தான்.

அக்கா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலுக்கு எந்த இன்டிகேட்டரும் இல்லை. டிக்கி மாமா கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, சோபாவுக்கும் காபி மிஷினுக்கும் நடுவில் திருதிருவென்று விழித்தார்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்றாள் அக்கா. "புகை வரும்னு அவங்க கூப்பிட்டுச் சொல்றாங்க, நீ பொய் சொல்லி விரட்டியிருக்கே. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"புகைன்னு அவங்க சொல்ற வரைக்கும் நான் எங்கக்கா பேச விட்டேன்?" என்றார் டிக்கி மாமா. அப்புறம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "டிக்கி சரியாயிட்டா நான் எதுக்குக்கா? லிஃப்ட் தானா மூடிக்கிச்சு, போய்யான்னாங்க. இதுவும் தானா மூடிக்கிட்டா நீங்களும் அப்படித்தானே. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டீங்க. ஆனா நான் அந்த ரூமுக்குத்தான் போகணும். பயமா இருந்துச்சு. அதான் பண்ணினேன்."

அக்கா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். காபி மிஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கவுன்டர் பெண்ணுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. பேச்சை மாற்ற நினைத்து, பாவம், தனக்குத் தெரிந்த அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"சரி சார், பரவாயில்லை. சரிபண்ற வரைக்கும் அந்த ஸ்விட்சை ஆஃப்லதானே வச்சிருந்தீங்க?"

"எந்த ஸ்விட்ச்?" என்றாள் அக்கா.

"முன்சீட்டுக்கு எதிர்ல பெட்டி இருக்கில்ல மேடம், அதுக்குள்ள. அதை அமுக்கிட்டா டிக்கிப் பூட்டுக்குப் போற கரண்டே நின்னுடும். எந்த இன்டிகேட்டர் போட்டாலும் திறக்காது. சாவி போட்டாத்தான் திறக்கும். யாரும் பிடிச்சுக்கெல்லாம் வேண்டாம்."

அத்தான் திடீரென்று சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தார்.

அக்கா விடுவிடுவென்று வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். பின்னாலேயே அத்தானும் டிக்கி மாமாவும் வந்து நின்றார்கள். உள்ளே ஓரமாக ஒரு சின்ன ஸ்விட்ச். அதன்மேல் கறுப்பு டேப். கண்ணில் படாமல், விரல் நுழையாமல், ஓரமெல்லாம் மடித்து நேர்த்தியாக ஒட்டியிருந்தது. அந்த நேர்த்தியைப் பார்த்ததுமே யார் ஒட்டியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொண்டவள் அல்லவா.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை இடித்துக்கொண்டார். "இந்த வண்டியில இருக்கிற திருகாணிக்கெல்லாம் பேர் சொல்லிப் பாடம் நடத்துற ஆளு நீங்க. இந்த ஸ்விட்ச் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அத்தான், மென்று முழுங்கிக்கொண்டு.

"எப்பலேருந்து?"

"முதல் வாரத்துலேருந்து."

"ரெண்டு குடை, ஒரு தலையணை, என் புதுச் செருப்புல ஒத்தைச் செருப்பு, எல்லாம் இவன் கை வழுக்கினப்போ ரோட்டுல போச்சே! தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

அத்தான் அவளைவிட்டுத் திரும்பினார். டிக்கி மாமாவைப் பார்த்தார். அத்தானுக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத் தெரியாமல் கோபமாகப் பேசினார்.

"நீ எதுக்குடா முறைக்கிறே? சினிமாவுக்கு வாடான்னா வரலை. ஹோட்டலுக்கு வாடான்னா வரலை. உங்க அக்கா தினமும் அழுதா. டிக்கியைப் பிடிக்க வான்னேன், சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னே. அப்புறம் நான் எந்தக் கையால அந்த ஸ்விட்சை அமுக்கறது? வயர் சூடாகும்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பேன் இந்த வண்டியை."

டிக்கி மாமா குனிந்து அந்தக் கறுப்பு டேப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.  

வயரை மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. காபி குடித்து முடிப்பதற்குள் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். சொன்னபடியே ஒரு பைசா கேட்கவில்லை. உள்ளே கட்டியிருந்த வாரையும் யாரோ அவிழ்த்து, சுருட்டிப் பின்சீட்டில் போட்டிருந்தார்கள். அத்தான் உட்கார்ந்து இடதுபக்கம் இன்டிகேட்டர் போட்டார். டிக்கி அசையவில்லை. மறுபடி போட்டார். ஊஹூம், கல் மாதிரி இருந்தது.

அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள். டிக்கி மாமா ஏறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்க அத்தான். நான் பஸ்ல வந்துடறேன்."

"ஏறு மாப்ளே."

"நான் எதுக்கு?"

அத்தான் கண்ணாடியை இறக்கினார். ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி ஏற்றிவிடலாம் என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. "அந்த... பின் கண்ணாடி லேசா ஆடுது, அதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். கண்ணாடி ஆடவில்லை. "இல்லை, அந்த சீட்டு..." என்றார். சீட்டும் நன்றாகத்தான் இருந்தது. பாவி மெக்கானிக்குகள் வண்டியில் ஒரு குறை மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் அத்தான் ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டினார்.

"எதுக்கும் இல்லடா. ஒரு மண்ணுக்கும் இல்லை. சும்மா வா."

டிக்கி மாமா அங்கேயே, அந்தக் கவுன்டர் பெண் பார்க்கப் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தார், தொடைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். கடைசியில் முன்சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டினார்.

"அத்தான், கியரை இவ்வளவு சத்தமாவா மாத்துவாங்க?"

"என்ன?"

"இல்ல, சும்மா சொன்னேன். அந்தப் பள்ளத்தைப் பாத்து ஓட்டக் கூடாதா? முன்னால போற லாரியை இப்படியா ஒட்டிக்கிட்டுப் போறது? உங்ககிட்ட படிச்சதுங்க எல்லாம் எப்படித்தான் ரோட்டுல உயிரோட இருக்குதுங்களோ?"

வீடு வந்து சேரும்வரை அவர் வாயை மூடவில்லை.